இடது தடம் காலியாக இருந்தால் ஏறிப் போகலாமா?

கேள்வி:

ஐயா, வணக்கம். 22 வருடமாகக் கார் ஓட்டுகிறேன். பெரிய கீறல்கூட விழுந்ததில்லை. போன மாதம் மனைவியோடு நான்குவழிச் சாலையில் வந்துகொண்டிருந்தேன். முன்னால் ஒரு லாரி, சென்டர் மீடியனை ஒட்டிய வலது தடத்தில், 50, 55 வேகத்தில் போனது. மூன்று நான்கு கிலோமீட்டர் பின்னாலேயே போனேன். ஹாரன் அடித்தேன், லைட்டைப் போட்டுப் போட்டு அணைத்தேன். சைடு கொடுக்கவே இல்லை. இடது தடம் காலியாகக் கிடந்ததால் அந்தப் பக்கம் ஏறினேன். பாதி தாண்டியிருப்பேன், லாரி அப்படியே இடதுபக்கம் வந்து உரசிவிட்டது. கண்ணாடி உடைந்து, வலதுபக்கக் கதவு இரண்டும் நசுங்கிவிட்டன. எங்களுக்கு அடி இல்லை. ஸ்டேஷனில், "இடதுபக்கம் ஓவர்டேக் பண்ணினது நீங்க, தப்பு முழுக்க உங்க பேர்லதான்" என்கிறார்கள். அமெரிக்காவில் இருக்கும் என் மகனோ, "இங்கே வலதுபக்கம்கூட முந்தலாமே, அங்கே மட்டும் என்ன?" என்று கேட்கிறான். சட்டம் உண்மையில் என்ன சொல்கிறது? என் மகள் இப்போதுதான் கார் ஓட்டக் கற்கிறாள். ஓவர்டேக் பற்றி அவளுக்கு என்ன சொல்லிக் கொடுப்பது?

பதில்:

அன்புள்ள ஐயா, உங்கள் கடிதத்தில் "வலதுபக்கக் கதவு இரண்டும்" என்ற இடத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். அது நீங்கள் உட்கார்ந்திருந்த பக்கம். லாரி இன்னும் ஓர் அடி உள்ளே வந்திருந்தால் இந்தக் கடிதத்தை வேறு யாராவது எழுதியிருப்பார்கள். இருவரும் அடிபடாமல் வீடு சேர்ந்ததில் எனக்கு மனசார நிம்மதி.

நான் மோட்டார் வாகன ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். ஊர்ப்பக்கம் பிரேக் இன்ஸ்பெக்டர் என்பார்கள். லைசென்ஸ் டெஸ்ட் எடுப்பது, வண்டிகளுக்கு எஃப்.சி. (தகுதிச் சான்று) பார்ப்பது, இவற்றோடு விபத்தில் சிக்கிய வண்டியைப் போய்ப் பார்த்து அறிக்கை எழுதுவதும் எங்கள் வேலை. உங்களுக்கு நடந்த மாதிரி விபத்தில் சிக்கிய கார்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன். கதவில் வட்ட வட்டமாகக் கோடு விழுந்திருக்கும், காம்பஸ் வைத்து வரைந்தாற்போல. லாரியின் இடது முன்சக்கரத்து நட்டுகள் சுழன்றுகொண்டே உரசியதால் வரும் கோடு அது. உங்கள் கதவிலும் இருக்கும், போய்ப் பாருங்கள். லாரி டிரைவரைக் கூப்பிட்டு விசாரித்தால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "சைடு கொடுக்கத்தான் சார் ஒதுங்கினேன்."

உங்கள் விபத்தின் முடிச்சு அந்தப் பதிலில்தான் இருக்கிறது. மூன்று நான்கு கிலோமீட்டர் ஹாரன் அடித்து, லைட் போட்டு, நீங்கள் அவரிடம் கேட்டது என்ன? "இடதுபக்கம் ஒதுங்கு, எனக்கு வலதுபக்கம் வழி விடு" என்பதுதானே? அவர் தாமதமாக, அலட்சியமாக, ஆனால் நீங்கள் கேட்டதையேதான் செய்தார். அவர் ஒதுங்கிய நேரத்தில், எந்த இடத்தைக் காலி செய்து கொடுத்தாரோ அங்கே நீங்கள் இல்லை. எந்த இடத்துக்கு வந்தாரோ அங்கே இருந்தீர்கள். அவர் ஒதுங்கியது தெரியாமல் நீங்கள் ஏறினீர்கள், நீங்கள் ஏறியது தெரியாமல் அவர் ஒதுங்கினார். ஹாரன் அடித்துக்கொண்டே இருந்துவிட்டு, பொறுமை போனதும் சட்டென்று இடதில் ஏறுவது நம் நெடுஞ்சாலைகளில் மிக ஆபத்தான பழக்கம் என்று நான் நினைப்பது இதனால்தான்.

சட்டத்துக்கு வருவோம். நம் நாட்டில் வண்டி இடதுபக்கம் ஓட வேண்டும், முந்துவது வலதுபக்கம். 1989-ல் வந்த சாலை விதிகள் இதை நேராகவே சொல்லின: ஒரே திசையில் போகும் வண்டிகளை அவற்றின் வலதுபக்கமாகக் கடக்க வேண்டும். அதற்கு அவை தந்த முக்கியமான விலக்கு, முன்னால் போகிறவர் வலதுபக்கம் திரும்பப்போவதாகச் சைகை காட்டி, சாலையின் நடுப்பகுதிக்கு வந்துவிட்டால் அவரை இடதுபக்கமாகத் தாண்டலாம் என்பது. 2017-ல் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் அந்தப் பழைய விதிகளின் இடத்துக்கு வந்தன. அடிப்படை மாறவில்லை.

உங்கள் வக்கீல் ஒரு வாதம் வைக்கலாம். "இது ஒற்றைச் சாலை இல்லை, கோடு போட்டுத் தடம் பிரித்த சாலை. என் கட்சிக்காரர் தனக்கென்று இருந்த இடது தடத்தில் நேராகப் போனார், லாரிதான் தடம் மாறியது" என்று. அது வெறும் வாய்ப்பேச்சு இல்லை, எடுபடக்கூடிய வாதம்தான். ஆனால் நீங்கள் அந்தத் தடத்தில் முதலிலிருந்தே போய்க்கொண்டிருந்தீர்களா, இல்லை லாரியைத் தாண்டுவதற்காக மட்டும் அதில் நுழைந்தீர்களா என்று எதிர்த்தரப்பு கேட்கும். இரண்டும் ஒன்றில்லை.

இந்த வித்தியாசத்தை இங்கிலாந்தின் சாலை விதிப் புத்தகம் நன்றாகப் பிரித்துச் சொல்கிறது. அங்கேயும் நம்மைப் போல இடதுபக்கம்தான் ஓட்டுகிறார்கள். அதிவேகச் சாலையில் இடதுபக்கம் முந்தாதே, முந்துவதற்காக இடது தடத்துக்கு மாறாதே என்பது அவர்கள் விதி. ஆனால் நெரிசலில் எல்லாத் தடமும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் ஊரும்போது, உன் தடம் கொஞ்சம் வேகமாக நகர்ந்து பக்கத்துத் தடத்தைத் தாண்டினால் குற்றமில்லை. தடம் விட்டுத் தடம் பாய்ந்து, வளைந்து வளைந்து முன்னேறுவதுதான் கூடாது. 1968-ம் ஆண்டு வியன்னா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையும் இதே கோணத்தில்தான் போகிறது: சாலை நிறைய வண்டிகள் அடைத்து, முன்னால் போகிறவரின் வேகத்தில்தான் எல்லோரும் நகர முடியும் என்ற நிலையில், ஒரு தடம் இன்னொன்றைவிட வேகமாக நகர்வது முந்துவதாகவே கணக்காகாது. உங்கள் விஷயத்தில் நெரிசல் இல்லை. முன்னால் ஒரே ஒரு லாரி, பக்கத்தில் காலித் தடம்.

மகன் சொன்னதும் பொய்யில்லை. அவன் சொல்வது அவன் ஓட்டும் சாலைக்குச் சரி. அமெரிக்காவில் வண்டி வலதுபக்கம் ஓடும், ஸ்டியரிங் இடதுபக்கம் இருக்கும், முந்த வேண்டிய பக்கமும் இடது. நாம் இங்கே இடதில் ஏறுவதும் அவர்கள் அங்கே வலதில் ஏறுவதும் ஒரே காரியம்தான். பெரும்பாலான மாநிலங்களில் அதற்கு அனுமதி உண்டு: முன்னால் போகிறவர் இடதுபக்கம் திரும்பும்போது, அல்லது ஒரே திசையில் இரண்டு வரிசை வண்டிகள் போகிற அளவுக்குச் சாலை அகலமாக இருக்கும்போது. ஆனால் அனுமதியோடு ஒரு நிபந்தனையும் வருகிறது. கலிஃபோர்னியாவில், பாதுகாப்பாக முடிந்தால் மட்டும்தான் வலதில் முந்தலாம், அதற்காகப் பாதையை விட்டு ஓரத்தில் இறங்கக் கூடாது. ஜெர்மனிக்குப் போனால் இன்னும் கறார். முந்துவது இடதுபக்கம்தான், வரிசை கட்டி ஊரும் நெரிசலுக்கு மட்டும் தளர்வு. வலதில் முந்த விடும் ஊரில் ஒரு டிரைவர் தடம் மாறும்போது, அந்தப் பக்கம் ஒரு வண்டி வரலாம் என்ற எதிர்பார்ப்போடு மாறுகிறார். நம் லாரி டிரைவருக்கு அந்த எதிர்பார்ப்பு இல்லை. விதி அவருக்கு அப்படிச் சொல்லிக் கொடுக்கவில்லை.

எல்லோரும் ஒரே பக்கம் முந்த வேண்டும் என்று ஏன் வைத்தார்கள்? நம் வண்டிகளில் டிரைவர் உட்காருவது வலதுபக்கம். வலது கண்ணாடி அவர் முகத்துக்கு இரண்டு அடி தள்ளி இருக்கிறது. சன்னலில் தலையை லேசாக நீட்டினால் பின்சக்கரம் வரை தெரியும். இடதுபக்கம் அப்படி இல்லை. கேபினின் முழு அகலத்தைத் தாண்டி, எட்டடி தூரத்தில் இருக்கும் கண்ணாடியில்தான் அவர் பார்க்க வேண்டும். அந்தக் கண்ணாடி வண்டியின் பின்பக்கத்தைக் காட்டும், ஆனால் இடது கதவுக்குக் கீழே, முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரிய இடத்தைக் காட்டவே காட்டாது. சன்னல் உயரத்துக்குக் கீழே ஒரு கார் முழுசாக மறைந்து போகும். முன்பெல்லாம் இடது சீட்டில் கிளீனர் இருப்பார். அவர் எட்டிப் பார்த்து, பாடியைத் தட்டி, "வரலாம், வரலாம்" என்று குரல் கொடுப்பார். லாரிக்கு இடதுபக்கக் கண்ணே அவர்தான். இப்போது பல லாரிகள் கிளீனர் இல்லாமல் ஓடுகின்றன. கூலி மிச்சம் என்று நிறுத்திவிட்டார்கள். அந்தக் கண் போனதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எனக்கு அதில் நிறைய வருத்தம் உண்டு.

சரி, லாரி டிரைவர் யோக்கியமா? இல்லை. அவர் பக்கம் இரண்டு தப்பு இருக்கிறது. மெதுவாகப் போகிற வண்டி இடதுபக்கம்தான் போக வேண்டும். 55-ல் போய்க்கொண்டு மீடியன் ஓரத் தடத்தைக் கிலோமீட்டர் கணக்கில் பிடித்து வைத்திருக்க அவருக்கு எந்த உரிமையும் இல்லை. அடுத்தது, தடம் மாறுகிறவர் யாராக இருந்தாலும் இண்டிகேட்டர் போட்டு, கண்ணாடி பார்த்து, இடம் இருக்கிறது என்று உறுதி செய்துவிட்டுத்தான் மாற வேண்டும். ஒதுங்கி வழி விடுவதற்கும் இது பொருந்தும். அதனால் "தப்பு முழுக்க உங்க பேர்லதான்" என்று ஸ்டேஷனில் சொன்னதை நான் ஏற்க மாட்டேன்.

ஆனால் லாரிகள் ஏன் வலது தடத்திலேயே போகின்றன என்று அவர்கள் பக்கம் நின்றும் ஒருமுறை பாருங்கள். நம் நெடுஞ்சாலைகளில் இடது தடம் காலியாக இருப்பது போலத் தெரியும். அடுத்த வளைவில் பஞ்சராகி நிற்கும் டிராக்டர், எதிர்த்திசையில் வரும் பைக், சர்வீஸ் ரோட்டிலிருந்து திடீரென்று ஏறும் ஆட்டோ, கையைக் காட்டிப் பேருந்தை நிறுத்தும் கூட்டம், எல்லாம் இடதுபக்கம்தான். லோடு ஏற்றிய லாரியை ஒவ்வொரு தடவையும் பிரேக் பிடித்து, மறுபடி கியர் மாற்றி வேகமெடுக்க வைப்பது லேசில்லை. அதனால் டிரைவர் வலது ஓரத்தைப் பிடித்துக்கொள்கிறார். அது அவருடைய தப்பைச் சரியாக்கிவிடாது. நீங்கள் நம்பி ஏறிய அந்தக் காலித் தடம் எவ்வளவு தூரத்துக்குக் காலி என்று காரில் உட்கார்ந்திருக்கும் உங்களுக்குத் தெரியாது. அதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

இனி வழக்கு என்ன ஆகும் என்று பார்ப்போம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ம் பிரிவு ஆபத்தாக ஓட்டுவதைப் பற்றியது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, சட்டத்துக்கு மாறாக முந்துவதும் அதில் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறது. முதல் தடவைக்கு 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். மூன்று வருடத்துக்குள் மறுபடி செய்தால் இரண்டு வருடம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்று ஏறும். இந்தப் பிரிவில் போலீஸ் உங்கள் லைசென்ஸை வாங்கி ஆர்.டி.ஓ.வுக்கு அனுப்பலாம். அப்படி அனுப்பினால் பயப்படாதீர்கள். தடை செய்வதற்கு முன் உங்கள் விளக்கத்தைக் கேட்டாக வேண்டும் என்பது சட்டம். நடந்ததை நடந்தபடி எழுத்தில் கொடுங்கள். லாரி வலது தடத்தில் போனது, இண்டிகேட்டர் போடாமல் வந்திருந்தால் அது, இரண்டையும் எழுதுங்கள். நீங்கள் இடதில் ஏறியதையும் மறைக்காமல் எழுதுங்கள். கதவில் இருக்கும் கோடே அதைச் சொல்லிவிடும், மறைத்து ஒரு பலனும் இல்லை.

நஷ்டஈடு என்று போனால் தீர்ப்பாயம் இரண்டு பக்கத் தவறையும் எடை போட்டுப் பங்கு பிரிக்கும். கோயம்புத்தூரில் 2017-ல் நடந்த ஒரு விபத்தில் 2025-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது இதற்கு நல்ல உதாரணம். நெடுஞ்சாலையில் ஒரு கார் திடீரென்று நின்றது. பின்னால் வந்த இளைஞரின் பைக் அதில் மோதி அவர் விழ, பின்னால் வந்த பேருந்து அவர்மேல் ஏறியது. சைகை காட்டாமல் நின்ற காருக்கு 50 சதவீதம், பேருந்துக்கு 30, போதிய இடைவெளி விடாமல் வந்த பைக் ஓட்டியவருக்கு 20 என்று பொறுப்பைப் பிரித்தார்கள். பின்னால் வந்து மோதியவன் தலையில் எல்லாவற்றையும் கட்டும் பழக்கம் அங்கே எடுபடவில்லை. உங்கள் லாரிக்கும் இதே மாதிரி ஒரு பங்கு வரும்.

காரைச் சரி செய்ய இவ்வளவு தூரம் அலைய வேண்டியதில்லை. முழுக் காப்பீடு வைத்திருந்தால் தப்பு யார் பேரில் என்பதற்காகக் காத்திருக்காமல் உங்கள் பாலிசியிலேயே கிளெய்ம் போடலாம். கிளெய்ம் போடாத வருடங்களுக்காகப் பிரீமியத்தில் கிடைத்துவந்த தள்ளுபடி, அதாவது சேர்த்து வைத்த நோ கிளெய்ம் போனஸ் போகும். அது 50 சதவீதம் வரை வளர்ந்திருந்தால் அதையும் ரிப்பேர் செலவையும் ஒப்பிட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள். தகவலைத் தள்ளிப் போடாதீர்கள். கதவைப் பட்டி பார்ப்பதற்கு முன் நாலு பக்கமும் படம் எடுத்து வையுங்கள்.

அன்றைக்கு வேறு என்ன செய்திருக்கலாம் என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் மனசில் ஓடும், அதனால் சொல்கிறேன். உங்கள் கடிதத்தில் "பின்னாலேயே போனேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். எவ்வளவு பின்னால்? பத்துப் பதினைந்து மீட்டரில் ஒட்டிக்கொண்டு போயிருந்தால், அந்த மூன்று நான்கு கிலோமீட்டரும் அவருக்கு நீங்கள் தெரிந்திருக்கவே மாட்டீர்கள். லாரியின் பின்பக்கத் தகடு உங்களை மறைத்துவிடும். இன்ஜின் சத்தத்தில் கார் ஹாரன் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்றும் புரியாது. லாரியின் பக்கக் கண்ணாடியில் டிரைவர் முகம் உங்களுக்குத் தெரிந்தால்தான் உங்கள் கார் அவருக்குத் தெரியும். அது தெரியாவிட்டால் வேகத்தைக் குறைத்துப் பின்வாங்குங்கள். நாற்பது ஐம்பது மீட்டர் விட்டு, வலது தடத்தின் வலது ஓரத்தை ஒட்டி வந்து, லைட்டை ஒரு தடவை, இரண்டு தடவை காட்டினால் பெரும்பாலான லாரி டிரைவர்கள் இண்டிகேட்டர் போட்டு ஒதுங்கிவிடுவார்கள். முந்த நினைக்கிறவர் பின்வாங்குவதா என்று தோன்றும். ஆனால் சைடு வாங்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

அப்படியும் ஒதுங்காதவர்கள் உண்டு. அவர்களுக்குப் பின்னால் போவதுதான் நான் சொல்லும் யோசனை. 55-ல் போகிற லாரிக்குப் பின்னால் பத்துக் கிலோமீட்டர் போனால், 80-ல் போவதைவிட மூன்றரை நிமிடம்கூட அதிகமாகாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். இவ்வளவுக்கும் பிறகு இடது தடம் வழியாகத்தான் போவேன் என்கிறவர், ஹாரனை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் இடது தடத்திலேயே, லாரியின் இடது கண்ணாடியில் தெரிகிற தூரத்தில், சீரான வேகத்தில் வர வேண்டும். அவர் ஒதுங்கும் எண்ணத்தில் இருந்தால் அப்போது தெரிந்துவிடும், வலது தடமும் உங்களுக்குத் திறந்துவிடும். பக்கவாட்டில் இணையாக நின்றுகொண்டே போகக் கூடாது, தாண்டியதும் அவர் மூக்குக்கு முன்னால் கட் அடித்து நுழையவும் கூடாது. இவ்வளவு செய்தாலும் விபத்து என்று வந்தால் கேள்வி உங்களிடம்தான் முதலில் வரும்.

இப்போது மகள் விஷயம். அவள் முதலில் ஓட்டப்போவது நான்குவழிச் சாலையாக இருக்காது. எதிரே வண்டி வரும் இரண்டு தடச் சாலையாகத்தான் இருக்கும். அங்கே முந்துவது வலதுபக்கம்தான் என்று எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு தூரம் வேண்டும் என்பதுதான் பலருக்குத் தெரியாது. லாரி 60-ல் போகிறது, அவள் 80-ல் முந்துகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். லாரியைவிட ஒரு விநாடிக்கு ஐந்தரை மீட்டர்தான் அதிகமாகப் போகிறாள். பின்னால் 20 மீட்டர் இடைவெளி, லாரி 10 மீட்டர், கார் 4 மீட்டர், தாண்டிய பிறகு முன்னால் 20 மீட்டர். எல்லாம் சேர்த்து 54 மீட்டரை அந்த ஐந்தரை மீட்டர் கணக்கில் கடக்கப் பத்து விநாடி ஆகும். அந்தப் பத்து விநாடியில் அவள் கார் சாலையில் 220 மீட்டர் ஓடியிருக்கும். எதிரே 80-ல் ஒரு வண்டி வந்தால் அதுவும் 220 மீட்டர் நெருங்கியிருக்கும். ஏறக்குறைய அரை கிலோமீட்டர் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தால்தான் ஸ்டியரிங்கைத் திருப்பலாம். ஒரு நாள் வண்டியை ஓரமாக நிறுத்தி, அரை கிலோமீட்டர் என்றால் எந்த மரம், எந்தக் கம்பம் என்று அவளோடு சேர்ந்து அளந்து பாருங்கள். அவள் நினைத்திருந்ததைவிடத் தூரமாக இருக்கும்.

தூரம் தெரியாத இடத்தில் முந்தவே கூடாது. வளைவு, மேட்டின் உச்சி, குறுகிய பாலம், சந்திப்பு, பனி அல்லது புகை மூடிய இடம், இவை எல்லாமே அந்தக் கணக்குதான். நடுக்கோடு விட்டு விட்டு இருந்தால் பார்த்துத் தாண்டலாம். தொடர்கோடு என்றால் தாண்டக் கூடாது. இரண்டு கோடு ஜோடியாக இருந்தால் அவள் பக்கம் இருக்கும் கோடுதான் அவளுக்குச் சட்டம். தனக்குப் பின்னால் வருகிறவர் முந்த ஆரம்பித்துவிட்டார் என்று தெரிந்தால் அவள் முந்தத் தொடங்கக் கூடாது. தாண்டிய லாரி முழுசாக உள் கண்ணாடியில் தெரிந்த பிறகுதான் இடதுபக்கம் திரும்ப வேண்டும்.

தன்னை ஒருவர் முந்தும்போது என்ன செய்வது என்பதையும் சொல்லிக் கொடுங்கள். ஓட்டுநர் பள்ளிகளில் இதை அவ்வளவாகச் சொல்வதில்லை. வேகத்தைக் கூட்டவே கூடாது. சட்டமும் அதைத் தடுக்கிறது. ரோஷத்தில் ஆக்சிலேட்டரை மிதிக்கிற அந்த மூன்று விநாடியில், முந்துகிறவர் எதிரே வரும் வண்டிக்கும் நமக்கும் நடுவில் மாட்டிக்கொள்வார். அவர் அவசரக்குடுக்கையாகவே இருக்கட்டும், காலை எடுத்து வழி விட வேண்டும்.

அவள் ஸ்கூட்டரும் ஓட்டுவாள் என்றால் இன்னும் இரண்டு. நின்ற பேருந்தை இடதுபக்கம் தாண்டக் கூடாது. படியிலிருந்து இறங்குகிறவர் ரோட்டைப் பார்த்து இறங்குவதில்லை, தன் காலைப் பார்த்துத்தான் இறங்குகிறார். அடுத்தது, சந்திப்பில் லாரியோ பேருந்தோ இடதுபக்கம் திரும்பும்போது அதன் இடதுபக்கம் நுழையக் கூடாது. நீளமான வண்டி முதலில் வலதுபக்கம் கொஞ்சம் விலகி, அப்புறம்தான் இடதில் மடங்கும். விலகியதும் இடதுபக்கம் ஒரு பெரிய சந்து திறக்கும், வா வா என்று கூப்பிடுவது போல இருக்கும். வண்டி மடங்க மடங்க, முன்சக்கரம் போன வழியில் பின்சக்கரம் வராது. அதற்கு உள்பக்கமாக, ஓரத்தை வழித்துக்கொண்டு வரும். சந்து மூடிவிடும். நான் எழுதிய அறிக்கைகளில் எனக்கு ராத்திரி தூக்கம் வராமல் செய்தவை இந்தச் சந்தில் நடந்தவைதான். வண்டியில் அதிகம் சேதமே இருக்காது. ஹேண்டில்பார் லேசாக வளைந்திருக்கும், அவ்வளவுதான்.

தெரிந்த லாரிக்காரர் யாராவது இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வண்டி நின்றிருக்கும் நேரத்தில் மகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். கேபினில் டிரைவர் சீட்டில் அவளை உட்கார வையுங்கள். நீங்கள் கீழே, இடது முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்று கையை ஆட்டி, தெரிகிறதா என்று கேளுங்கள். அப்புறம் அவளைக் கீழே அதே இடத்தில் நிற்கச் சொல்லிவிட்டு, நீங்கள் ஏறி உட்கார்ந்து இடது கண்ணாடியைப் பாருங்கள்.